புதன், இரண்டிலிருந்து நான்கு

புதன்கிழமைகளில்
சாந்தரூபியின் கதிரையில் நான் இருக்கிறேன்.
அதன் இடது கை ஆடும்.
முத்திரையைப் பார்த்து அழுத்த வேண்டும்,
இல்லாவிட்டால் திகதி தலைகீழாய் விழும்.
அவள் மேல்மாடியில்
கிழிந்த அட்லஸ்களோடு உட்கார்ந்து
எங்கள் ‘இல்லை’களை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

ஆம், இல்லைகளை.
கொட்டாஞ்சேனைக் கிளைக்கு யாராவது வந்து
ஒன்றைக் கேட்டு, நாங்கள் இல்லை என்றால்
அதை ஒரு சிஆர் கொப்பியில் எழுதுவாள்.
ஒன்பது வருடம். ஆறு கொப்பி.
ஆளின் பெயர் வேண்டாம்.
கிழமை, நேரம், மொழி,
பிறகு கேட்டவரின் வாயிலிருந்து வந்தபடியே:
“கிரேன் ஓட்டுறதுக்குத் தமிழில ஒரு புத்தகம்.”
“கிட்னி பழுதான ஆள் என்ன சாப்பிடலாம்?”
“வீட்டுக்காரன் தண்ணிய வெட்டினா
சட்டம் என்ன சொல்லுது, மிஸ்?”
“நட்சத்திரம் பற்றி. சாதகம் இல்ல,
மெய்யான நட்சத்திரம்.”

நானும் பொழுதுபோக்கென்றே நினைத்தேன்,
சிலர் பழைய காசு சேர்ப்பதைப் போல.
அத்தபத்து மேடத்தின் வருடாந்தப் படிவம்
இரவல் போன புத்தகத்தைத்தான் கேட்கும்.
போக முடியாததற்கு அதில் கட்டம் கிடையாது.

பிறகு பம்பலப்பிட்டியில் ஒரு மாநாடு.
விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள்,
ஆய்வு மேற்பார்வையாளர்? கோடு போட்டாள்.
ஆய்வு விடுமுறை? கோடு.
நிதி? ‘கொப்பி ஆறு, சொந்தக் காசு’
என்று எழுதி, வெட்டினாள்.
பதவி: நூலக உதவியாளர், தரம் மூன்று.
அதை மட்டும் வடிவான எழுத்தில்.

கிடைத்தது கடைசி இடம், நாலு மணி ஐந்து.
பேராசிரியர்மார் வாகனத்துக்குப் போய்விட்டார்கள்.
மண்டபத்தில் பதினொரு பேர்,
என்னையும் மைக் பிடிக்கிற பொடியனையும் சேர்த்து.
வரைபடமொன்று காட்டினாள்.
ஒவ்வொரு செவ்வாயிலும் கோடு தூணாய் எழும்பி நின்றது.
கொச்சிக்கடையில் அந்தோனியாரைக் கும்பிட்டுவிட்டு
வெயிலில் எங்களிடம் நடந்து வருகிறவர்கள்.
“அங்க கேட்டதத்தான் இங்கயும் கேக்கினம்,” என்றாள்.
“வருத்தம், வேலை, வீடு.”
ஒருவரும் சிரிக்கவில்லை.
அவளும் பகிடிக்குச் சொல்லவில்லை.

பின்வரிசையில் ஒருவர் எழும்பினார்,
மாத்தறைப் பக்கத்தில் ஒரு பிரதேச சபை நூலகராம்,
நெஞ்சு அட்டையில் புஞ்சிஹேவா.
சிங்களத்தில் கேட்டார்,
“கேட்காமலே திரும்பிப் போனவர்கள்?
அவர்கள் உங்கள் கணக்கில் எங்கே?”

எனக்குக் கோபம் வந்தது.
அவளைப் பார்த்தேன்.
ஒன்பது வருடத்தில் முதல்முதலாக
ஒரு மனிதன் அவளுடைய வேலையில்
ஓட்டை தேடியிருக்கிறான்.
அவள் முகம்
கறண்ட் வந்த வீட்டைப் போல இருந்தது.
“எங்கேயும் இல்லை,” என்றாள்,
“எண்ணவேயில்லை,”
மேசையிலேயே குனிந்து அதை எழுதிக்கொண்டாள்.
கைதட்டல் கொஞ்சம் தாமதமாய் வந்தது.

சான்றிதழில் ‘சாந்தரூபன்’ என்று அச்சடித்திருந்தார்கள்.
ஆறாம் கொப்பிக்கு உறை போட்டுவிட்டாள்.

முதல் மூன்று கொப்பியையும் மேடம் வீட்டுக்குக் கொண்டுபோனார்.
திரும்பி வந்தபோது
நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் தேநீர்க் கறை.
அவ்வளவு தூரம் வாசித்திருக்கிறார்.
“புதன்கிழமை இரண்டு மணித்தியாலம்
கவுண்டருக்கு வராதே, மேலே போய் எழுது.”
கடிதமாய்த் தாருங்கள் என்றாள் சாந்தரூபி.
கொடுத்தார், மூன்று மொழியிலும்.
விடுமுறை என்றிருக்கவில்லை அதில்.
கடமை நேரம் என்றிருந்தது.
அந்தச் சொல்லை அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

இன்றைக்கு மழை.
நனைந்த பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு பையன்
விஞ்ஞான இறாக்கைக்கு முன்னால் நின்றான்.
ஒரு புத்தகத்தையும் தொடவில்லை.
“என்ன தேடுறீங்க, தம்பி?” என்றேன்.
தலையை மட்டும் ஆட்டிவிட்டுப்
படியிறங்கிப் போய்விட்டான்.

ஏழாம் கொப்பியில்
அடிமட்டம் வைத்து நான் கீறிய புதுக் கட்டம் இருக்கிறது.
எழுதினேன்:
புதன். மூன்று பத்து.
மொழி என்ற இடத்தில் என்ன போடுவதென்று
நாலு மணிக்கு அவளிடம் கேட்க வேண்டும்.